தறியில் இரண்டாவது ஆள்

நெசவாளி பற்றி நாம் எழுதுகிற கதைகளில் பெரும்பாலும் நெசவாளியின் 'நிலைமை' இருக்கிறது, ஆள் இல்லை. பசி, கூலிக்குறைப்பு, முதலாளி, இருமல் - இந்த நாலையும் சேர்த்தால் பாத்திரம் வந்துவிடும் என்று நம்புகிறோம். வராது.

தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) கைத்தறிக்காரர்களை ஒரு வர்க்கமாகத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தது. அது பெரிய காரியம்தான். ஆனால் படித்து முடித்தபின் என் மனதில் நிற்பது அந்த ஜனங்களின் நியாயம். முகங்கள் அவ்வளவாக நிற்பதில்லை. எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' (1975) நேர்எதிர். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளி கண்ணன் அங்கே ஆசையும் சபலமுமாக வருகிறான். கட்சிக்காரர்களுக்கு அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. அதனாலேயே அவன் ஆளாக இருக்கிறான்.

காஞ்சிபுரத்துக்கு வந்தால் பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படம் (2008). அதில் பிரகாஷ்ராஜ் நடித்த வேங்கடம், மகளைப் பட்டுச்சேலை உடுத்திக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவன். தான் நெய்கிற பட்டைத் தன் வீட்டில் யாரும் உடுத்த முடியாத கூலிக்காரன். நூலை வாய்க்குள் அடக்கிக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருடி வருகிறான். பொதுவுடைமை பேசுவதும் அதே வாய்தான். கல்யாணம் நெருங்கியதும், வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவனே வேலைக்குத் திரும்பலாம் என்கிறான். துரோகி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கென்னவோ, படத்தில் அவன் உயிரோடு வருவது அந்த இடத்தில்தான். கடைசியில் வருகிற சோகம் நம்மை அழவைக்கிறது, சரி. அழுததும் அவன் செய்த காரியத்தை நாம் விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மறைவாக, தனியாக நெய்யும் ஒருத்தன் என்கிற படிமம். ஒற்றை நாயகன் என்கிற கதையாடலுக்கு அது ரொம்பச் சௌகரியம். ஆனால் காஞ்சிபுரத்தின் பேர்போன கோர்வைச் சேலையைத் தனியாள் நெய்ய முடியாது. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என்று மூன்று நாடா ஓட வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வொரு தடவையும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நெய்கிறவன் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார வேண்டும். அது பெரும்பாலும் பெண்டாட்டி, இல்லாவிட்டால் பிள்ளை. 1990களில்கூட முன்பணத்துக்கு அடகாகி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவை எத்தனையோ குழந்தைகள். இன்றைக்கு அந்த இரண்டாவது ஆள் கிடைக்காமல் கோர்வையே அருகி வருகிறது.

நம் பிரதிகளில் அந்த ஆளுக்குப் பேர் கிடையாது. மனைவி சமைக்கிறாள், அழுகிறாள், சாகிறாள், நாடா தள்ளுவதில்லை. இது கவனக்குறைவு இல்லை. உழைப்பு என்றால் ஆணின் உடம்பு என்று வைத்துக்கொண்டதன் விளைவு.

பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருத்தனை எழுத நினைக்கிறவர் அவனுக்குள்ளே புகுந்து தேடுவதற்கு முன்னால் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேட்கட்டும். முதல்நாள் ராத்திரி குடித்துவிட்டு வந்தவனின் கை காலையில் எப்படி நாடாவைத் தள்ளுகிறது, இழை அறுந்தால் அவன் முதலில் யாரைத் திட்டுகிறான், மழை பிடித்துக்கொண்டு தெருவில் பாவு போட முடியாத நாட்களில் அவனுக்கு எதில் கோபம் வருகிறது - எல்லாம் அவளுக்குத் தெரியும். கூலி வாங்குகிற நோட்டில் மட்டும் அவன் பேர்தான் இருக்கும்.