வால்பாறை மழையில் சோலைமந்தி

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் வால்பாறைக்குப் புகைப்படக்காரர்களின் வரத்து குறைந்துவிடும். வெளிச்சம் போதாது, அட்டைக்கடி தாங்காது என்பார்கள். ஆனால் என் மனதில் நிற்கும் சோலைமந்திப் படங்கள் எல்லாம் மழையில் எடுத்தவையே. உச்சிவெயிலில் அதன் கருரோமம் ஒரே திட்டாகிவிடும். முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரியோ வெளிறிப்போகும். மேகம் கவிந்த நாளில் நிழல் இளகி, ரோமம் இழையிழையாகப் பிரிந்து தெரியும்.

அந்த நயம் சும்மா வாய்ப்பதில்லை. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் ஒளியளவியின் குணம். மந்தி உச்சிக்கிளையில், பின்னால் வெண்மேகம் என்றால், மேகத்தைச் சாம்பலாக்கி மந்தியை வெறும் நிழலுருவாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஏற்ற வேண்டும். அதே மந்தி இறங்கி இருண்ட இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் கணக்கு தலைகீழ். ஒரு ஸ்டாப்பாவது குறைக்காவிட்டால் கறுப்பு சாயம் போய்விடும். ஒரே விலங்கு, ஒரே மரம், சில நொடிகளுக்குள் எதிரெதிர் முடிவுகள். கண்ணை எடுக்காமலே எக்ஸ்போஷர் சக்கரத்தைத் திருப்பும் தேர்ந்த கையை, தவில்காரரின் விரல்களைப் போல, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மழையையே படத்தில் காட்டுவது தனி வித்தை. வெளிறிய வானத்துக்கு முன்னால் மழைத்தாரை தெரியாது. பின்னால் இருண்ட அடிமரமோ புதரோ வேண்டும்; வெளிச்சம் பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வர வேண்டும். ஷட்டர் 1/500 நொடியைவிட வேகமாக இருந்தால் மழை துளித்துளியாக நின்றுவிடும். 1/60 நொடியில் கோடாக நீளும். எனக்குக் கோடுதான் பிடிக்கும். குறுகி உட்கார்ந்து அசையாமல் நனையும் மந்தியைச் சுற்றி மழை மட்டும் ஓடும்போது அதன் பொறுமையே படத்தில் வந்துவிடுகிறது.

நனைந்த இலை வானத்தை வெள்ளையாகப் பிரதிபலிக்கும். போலரைசரைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கிப் பச்சை எழும்பும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் அதற்கே போய்விடும். இருட்டுச் சோலையில் அது பெரிய விலை. அதைவிடக் கவலை, பலர் பளபளப்பு முழுதும் மறையும்வரை திருப்பி, நனைந்த காட்டைக் காய்ந்த காடாக்கிவிடுவது. பாதியில் நிறுத்துங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கினால், கேமராப் பை வெளிச்சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். லென்ஸில் பனி படியாது. மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் அலைபாய்ந்தால் அழுத்தமான கிளையோரம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், பூஞ்சை பொல்லாதது.

காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளை யானைப் படங்களை ரசித்தவர்களுக்கு மூடுபனி அந்நியமாகத் தெரியாது. வண்ணம் ஒதுங்க, அடர்த்தியும் வெளிறலுமே படத்தைத் தாங்குகின்றன. முன்மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் அப்பால் வெறும் சாயல்; ஆழம் அந்தப் படிகளில்தான் இருக்கிறது. கணினியில் மூடுபனியை நீக்கும் கருவியால் அதைத் துடைத்தால் தூரத்து மரங்களெல்லாம் முன்னால் வந்து மந்தியை நெருக்கும். அதைத் தொட வேண்டாம். கண்ணில் மட்டும் கொஞ்சம் ஒளி கூட்டிக்கொள்ளலாம்.