மெக்கன்சியின் பயண நூலில் துணையாறுகள்

பயண நூலின் சிறப்பு, பயணியின் துணிவைக் கொண்டு மட்டும் அளக்கப்படுவதன்று. அவர் கடந்த நிலத்தை எவ்வாறு கண்டார் என்பதையும் கொண்டே அளக்கப்படும். அலெக்சாந்தர் மெக்கன்சி 1801-ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட பயண நூலுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

பசிபிக் கடலுக்கு வழி தேடி அவர் 1789 சூன் 3-இல் கனடாவின் சிப்பிவையன் கோட்டையினின்று புறப்பட்டார். கிரேட் சிலேவ் ஏரியைக் கடந்து, அதிலிருந்து பாயும் பேராற்றில் இறங்கினார். மேற்கே சென்ற ஆறு, மலைத்தொடர் எதிர்ப்பட்டதும் வடக்கே திரும்பி, அவரை ஆர்க்டிக் கடலிலே கொண்டு சேர்த்தது. கோட்டைக்குத் திரும்பியது செப்டம்பர் 12-இல். சென்று வந்த நாள் 102.

கண்டதைக் கண்டவாறு உரைத்தல் இந்நூலின் தலையாய பண்பு. ஆற்றங்கரையில் நிலக்கரி எரிந்து புகைந்ததும், கழிமுகத்தீவில் இரவில் நீர் ஏறி மூட்டைகளை நனைக்க வந்ததும் மிகையின்றிக் கூறப்படுகின்றன. பெருங்கரடி ஏரியிலிருந்து வரும் ஆற்றின் தெளிந்த நீரையும் அவர் குறிக்கத் தவறவில்லை.

குறை யாதெனின், ஆறு அவருக்கு வழியாக மட்டுமே தோன்றியது. துணையாறுகள் வழியில் தென்பட்ட வாயில்களாயின. தெற்கிருந்து வந்து கலக்கும் லியார்ட் ஆறு சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. உண்மையில், அதுவே பேராற்றின் இயல்பை மாற்றுவது. ஏரி வண்டலைத் தன்னுள் தங்கவிட்டு, தெளிந்த நீரையே வெளிவிடுகிறது. லியார்ட் மலைச்சேற்றைச் சுமந்து வருகிறது. கலந்தபின்னும் இரு நீரும் நிறம் வேறாய் நெடுந்தொலைவு அருகருகே ஓடுகின்றன. வேனிலின் தொடக்கத்தில் தென்பகுதிப் பனி முன்னே உருக, லியார்டின் வெள்ளம் பாய்ந்து, பேராற்றை மூடிய பனிக்கட்டியைப் பிளக்கிறது.

பனி உடைந்தபின், ஒரே கோடையில் வந்து சென்றவர் இதனைக் காண இயலாது என்பது தக்க சமாதானமே. ஆயினும் அவருடன் சிப்பிவையன் தலைவர் ஒருவர் இருந்தார்; கரைதோறும் அந்நிலத்து மக்கள் வழிகாட்டிகளாய் வந்தனர். மலைக்கப்பால் மேற்கே ஓடும் ஆற்றைப் பற்றி அவர்களைத் துருவித் துருவி வினவிய ஆசிரியர், காலடியில் கலந்த ஆறுகளைப் பற்றி அத்துணை ஆர்வம் காட்டினாரல்லர். டெனே மக்கள் ‘டேசோ’, அதாவது பேராறு, என வழங்கும் அவ்வாறு இன்று நிலப்படத்தில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பெயரின் எல்லை ஆற்றின் எல்லையன்று. ஏரியிலிருந்து அளந்தால் மெக்கன்சி ஆற்றின் நீளம் 1,738 கிலோமீட்டர். பின்லே, பீஸ், சிலேவ் ஆகியவற்றையும் சேர்த்தால் 4,241 கிலோமீட்டர். பீஸ் ஆற்றின் மேற்பகுதியில் 1968-இல் திறக்கப்பட்ட அணை, தொலைவிலுள்ள சிலேவ் ஆற்றின் பருவப் பெருக்கையும் மாற்றியது. தலையில் தடுத்தால் கால்வரை தெரியும்!

ஆதலின், இந்நூலை மாணவர்க்கு அறிமுகம் செய்யும் ஆசிரியர், நிலப்படத்தையும் உடன் விரித்து வைத்தல் நன்று. நூல் ஓர் ஆற்றின் வழியைக் காட்டும்; அவ்வாற்றை ஆக்கிய ஆறுகளைக் காட்டுவது ஆசிரியர் கடன்.