ஒள்ளெய சுத்தி

பைபிள் மொழிபெயர்ப்பு சிறு மொழிகளைக் காப்பாற்றியது என்று சொல்வது ஒரு மரியாதையாகிவிட்டது. மறுப்பவர்களும் மிஷனரியின் நோக்கத்தைச் சந்தேகிக்கிறார்களே தவிர, அவர் விட்டுச்சென்ற பிரதியைப் பார்ப்பதில்லை. நோக்கத்தைவிட, மொழிக்கு என்ன நேர்ந்தது என்பதே விமர்சகனின் கேள்வியாக இருக்க முடியும்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் போதும். 1846ல் நீலகிரிக்கு வந்த பாசல் மிஷன் பாதிரிமார் கேத்தியில் தங்கிப் படகர்களிடையே வேலை செய்தார்கள். 1890ல் மங்களூரில் அவர்களுடைய அச்சகம் கன்னட எழுத்தில் ஒரு படக நூலை வெளியிட்டது: 'அங்க கர்த்தாகிப்ப ஏசு கிரிஸ்தன ஒள்ளெய சுத்திய புஸ்தக.' படகத்தில் அச்சான முதல் நூலாக இதைச் சொல்கிறார்கள்.

தலைப்பில் கவனிக்க வேண்டியது 'ஒள்ளெய சுத்தி'. நல்ல சேதி, அவ்வளவுதான். தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளுக்கு 'சுவிசேஷம்' போதுமாக இருந்தது. இங்கே வீட்டு வாசலில் புழங்கும் சொற்களே வேதத்தின் பெயராகின்றன. கர்த்தாவும் புஸ்தகமும் அதே வரியில் வந்து உட்கார்ந்திருப்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு சொற்களின் அளவிலாவது மொழிபெயர்த்தவர் காது கொடுத்திருக்கிறார்.

காது கொடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. பாவத்தைப் பற்றிப் படகர்களிடம் ஏற்கனவே ஒரு பெரும் பிரதி இருந்தது. சாவுச் சடங்கில் ஒருவர் இறந்தவரின், முன்னோரின் பிழைகளை வரிசையாகச் சொல்வார்: எல்லைக்கல்லை நகர்த்தியது, பாம்பைக் கொன்றது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் 'பாவம்' என்று ஒப்புக்கொள்ளும். ஒரு கன்று அவற்றை ஏற்றுக்கொண்டு போகும். இந்தப் பிரதி எழுத்தில்லாமலே தலைமுறைகளைக் கடந்தது. அச்சான புத்தகமோ, பள்ளியில் தமிழ் படித்த தலைமுறைகளுக்குப் பூட்டிய புத்தகமாயிற்று.

வங்கியில் என் அடுத்த கவுண்ட்டரில் ஒரு படக நண்பர் இருந்தார். அம்மாவோடு போனில் பேசுவது படகத்தில், எழுதுவதெல்லாம் தமிழில். இந்த நூலைப் பற்றிச் சொன்னேன். "படகத்துலயா? படிக்கிறதுக்கு யாருங்க இருக்காங்க?" என்றார். 2011 கணக்கெடுப்பில் 1,33,550 பேர் படகத்தைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு அவர்களைக் கன்னடத்தின் கீழ் சேர்த்துக்கொண்டது. 1890ல் ஓர் அச்சுக்கூடம் ஒப்புக்கொண்டதை அரசாங்கம் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

தமிழின் கதை வேறாகப் போனதற்குக் காரணம் தரங்கம்பாடி அச்சு மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலர், பிறகு அதே உரைநடையை மிஷனரிகளுக்கு எதிராகத் திருப்பினார். மொழிபெயர்ப்பு உயிர்பெற்றது அந்தப் பதிலில்தான். பதில் எழுதப்படாத மொழிபெயர்ப்பு நடுகல். அதில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

பாசல் பாதிரிமார் மதம் மாற்றவாவது படகம் கற்றார்கள். நாம் காஃப்காவைத் தமிழாக்குகிறோம், நல்லது. மூன்று மணி நேரப் பஸ் பயணத்திலிருக்கும் அந்தச் சாவுப் பிரதியைத் தமிழில் படிக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது? எனக்கும் நாற்பதை நெருங்கும்போதுதான் தோன்றியது.