டாங்கிளும் திறந்த மூலமும்: ஒரு பழைய கணக்கு

லினக்ஸ் கர்னலில் இருந்து வைமேக்ஸ் நிரல் முழுவதையும் 2021-இல் நீக்கிவிட்டார்கள். அப்போதே எழுத நினைத்த குறிப்பு இது. டிராஃப்டிலேயே கிடந்தது.

முதலில் எங்க ஊர் கதை. 2012. நெட்டுக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அரசு இலவச லேப்டாப் வந்திருந்தது. அதில் விண்டோஸ் ஒரு பக்கம், சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். வீட்டில் கடன் வாங்கி ஒரு டாங்கிள் வாங்கியிருந்தார்கள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். ஐதராபாத் இன்காய்ஸ் போடும் அலை முன்னறிவிப்பை வீட்டிலேயே பார்க்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. "அண்ணா, லினக்ஸ்ல போட்டா சிடி மாதிரி ஏதோ வருது, நெட் வரல" என்று அவள் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவள் சொன்னது துல்லியமான விவரணை. அந்தக் காலத்து டாங்கிள்கள் செருகியதும் தன்னை ஒரு சிடி டிரைவ் என்றே அறிமுகம் செய்துகொள்ளும். உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு. விண்டோஸ் மென்பொருள் ஒரு ரகசியச் செய்தியை அனுப்பினால்தான் அது மோடமாக மாறும். அந்தச் செய்தி என்ன என்று பெட்டியில் எழுதியிருக்காது, கடைக்காரருக்கும் தெரியாது. ஜெர்மனியைச் சேர்ந்த யோசுவா டீட்ஸே என்பவர் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரலை எழுதி, எந்த டாங்கிளுக்கு எந்தச் செய்தி என்ற பட்டியலைப் பராமரித்தார். பட்டியலை வளர்த்தவர்கள் பயனர்கள். விண்டோஸில் யுஎஸ்பி வழியாகப் போகும் பைட்டுகளை ஒட்டுக்கேட்டு, பதிவு செய்து அனுப்புவார்கள். எந்த ஊரில் எந்த நிறுவனத்துக்கு என்ன ஏபிஎன் என்ற இன்னொரு பட்டியலும் இப்படித்தான் பெரும்பாலும் சேர்ந்தது. ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, பொதுச்சொத்து. நெட்வொர்க் மேனேஜரில் நாடு, நிறுவனம் என்று தேர்ந்தெடுக்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கோப்புதான்.

இதற்கு நேர் எதிர் வைமேக்ஸ். இன்டெல் பொறியாளர் இனாக்கி பெரெஸ்-கொன்சாலெஸ் முன்னின்று எழுதிய நிரல் 2009-இல் 2.6.29 கர்னலில் சேர்ந்தது. சுத்தமான நிரல், நல்ல ஆவணம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃபர்ம்வேர் மூடியது. நெட்வொர்க்கில் நம்மை அடையாளம் காட்டும் சப்ளிகன்ட்டும் வெறும் பைனரியாக வந்தது. கதவு திறந்திருக்கும், பூட்டு மட்டும் அவர்களிடம். அந்த அடுக்கை நம்பியிருந்ததும் அவர்கள் சிப் ஒன்றுதான். உலகம் எல்டிஇ பக்கம் திரும்பியது. இந்தியாவில் 2010 ஏலத்துக்குப் பிறகு 4ஜி முதலில் வந்தது 2012 ஏப்ரலில், கொல்கத்தாவில், அதுவும் எல்டிஇ. வைமேக்ஸ் நிரலைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனது. ஒரு கம்பெனி எழுதித் தருவதை வாங்கி வைப்பதைக் கூட்டுப்பணி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்காகப் பட்டியல் முறையைக் கொண்டாடவும் முடியாது. லட்சக்கணக்கில் டாங்கிள் விற்றவர்கள் ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும் வேலையை, சம்பளமில்லாமல் பைட் எண்ணி முடித்தவர்கள் பயனர்கள். இதை "சமூகத்தின் வலிமை" என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். இத்தனைக்கும் இங்கேயே, ஐஐடி மெட்ராஸில், அசோக் ஜுன்ஜுன்வாலா குழு செய்த கார்டெக்ட் கருவி இருந்தது. போன் பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையம். கணினியோடு அது பேசியது சாதாரண சீரியல் போர்ட் வழியாக. எந்த இயங்குதளத்துக்கும் தனி டிரைவர் கேட்கவில்லை. வேகம் இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பொதுத்தரத்தை ஒட்டி நடந்துகொள்வது என்ற அந்த நாகரிகம் டாங்கிள்களுக்கு வர, 2011-இல் எம்பிஐஎம் தரம் வெளியாகி, அதைத் தயாரிப்பாளர்கள் ஏற்கிற வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி என் பங்கு. அந்தப் பெண்ணின் டாங்கிள் பட்டியலில் இல்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து, வேறொரு மாடலின் செய்தியை மாற்றி மாற்றிப் போட்டு, நாலாம் நாள் ஓட வைத்தேன். அவள் அப்பா பக்கத்தைத் திறந்து அலை உயரத்தைப் பார்த்துவிட்டு, "இது எனக்குக் கரையில நின்னாலே தெரியுமேப்பா, நாளைக்கு என்னன்னு காட்டு" என்றார். காட்டினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன். பட்டியலுக்கு அனுப்பவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டதுதான். அடுத்த ஒரு வருஷத்தில் அதே மாடலோடு எர்ணாவூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் ரெண்டு பையன்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்கும் நோட்டைப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். என்னைத் தெரியாதவர்கள் என்ன செய்தார்களோ.

இந்தக் குறிப்புக்காகப் போன வாரம் நோட்டைத் தேடி எடுத்து, இப்போதைய பட்டியலோடு ஒப்பிட்டேன். அந்த மாடல் அதில் இருக்கிறது. யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.