ஆராய்ச்சி யாருடைய சொத்து?

பல்கலைக்கழக ஆராய்ச்சி, செய்தவரின் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தைச் சேர்ப்பதோடு நின்றுவிடுமாயின் சமுதாயத்துக்கு அதனால் விளையும் பயன் யாது? அம்பாறைக் கரையோரத்தை முன்வைத்து இக்கேள்வியை எழுப்ப நமக்குக் காரணம் உண்டு.

பிள்ளை தாயின் குடியைச் சேர்வதும், வீடு பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வதும், பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் அமர்வதும் இப்பகுதியில் வேரூன்றிய வழக்கங்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இவற்றை ஆராய்ந்தார். அவ்வுழைப்பின் பயனான பெருநூல் 2008இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்து வாழ்வதை அருகருகே வைத்துக் காட்டுவது அதன் சிறப்பு. போரினால் பிளவுண்ட பிரதேசத்துக்கு மிகவும் வேண்டிய அறிவு இது. ஆயினும், அயலிலுள்ள இறக்காமத்தில் தமிழில் பயிலும் மாணவன், தன் உம்மம்மாவின் குடிமரபு பற்றிய அவ்வாராய்ச்சியைப் படிக்க ஆங்கிலத்தின் வாசலில் காத்து நிற்கிறான். செய்தியைக் கொடுத்தவர்கள் இம்மக்கள். அதை வாசித்து விவாதிக்கும் உரிமையோ ஆங்கிலம் கற்ற சிலருக்கே வாய்த்தது.

இந்நிலை மாறக்கூடியதே என்பதற்குச் சான்றுகள் உள. இலக்கிய வரலாறுகளில் போதிய இடம் பெறாதிருந்த முஸ்லிம் புலவர்களைப் பற்றி ம. மு. உவைஸ் செய்த ஆராய்ச்சி, 1953இல் ஆங்கில நூலாகவே வந்தது. பின்னர் அவரே அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆறு தொகுதிகளாகத் தமிழில் எழுதினார். கல்முனைக்குடி தந்த எம். ஏ. நுஃமான், மொழியியற் புலமையை இக்காலத் தமிழின்மீது செலுத்தி, 1999இல் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' தந்தார். ஆசிரியரும் மாணவரும் கையில் எடுக்கும் நூலாக அது விளங்குகிறது. ஆராய்ச்சி எளிமை பெற்றதால் அதன் தரம் குன்றிவிடவில்லை.

1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில், இறக்காமத்துக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. இப்பிரதேசத்தைப் பற்றி அங்கு எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் தெளிந்த தமிழில் ஒரு சுருக்கம் வேண்டும். அது இறக்காமம், வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கூட நூலகங்களை அடைய வேண்டும். வயலையும் குளத்தையும் குடியையும் அறிந்த மக்கள் அதைப் படித்து, பிழை கண்ட இடத்தில் திருத்தட்டும். அவ்வாறு மக்கள் முன் வைத்துச் சோதிக்கப்பட்ட ஆராய்ச்சியையே பொது அறிவு என நாம் கொள்வோம்.