பத்துக் கால் தகப்பன்

கங்காருவுக்குத் தம்பி முறையான வாலபியிடம் எல்லோரும் சொக்கிப்போவது அந்த வயிற்றுப் பையில்தான். சொக்கவேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் டம்மார் வாலபி ஈனும் குட்டி அரை கிராம்கூடத் தேறாது. கண் திறக்காத, முடி முளைக்காத அந்தத் துளி, முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றித் தானே மேலேறிப் பைக்குள் புகுந்து காம்பைக் கவ்விக்கொள்ளும். பையைவிட்டு ஒரேயடியாக வெளியேற எட்டொன்பது மாதம் ஆகும்.

நம்மூரில் வாலபிக்கு எங்கே போவது? ஆனால் பையே இல்லாமல் பிள்ளையைப் பொத்திக்கொள்ளும் வித்தைக்காரர் நம் பக்கத்து ஏரிகளில் உண்டு. இலைக்கோழி. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியிலும் பார்க்கலாம். 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிய ஏரி அது. பனிக்காலத்தில் வரித்தலை வாத்தைப் பார்க்க வருகிறவர்கள், இலைமேல் நடக்கும் இந்த உள்ளூர்க்காரரைக் கண்டுகொள்வதில்லை.

தமிழ்நாட்டு ஏரிகளில் இலைக்கோழி இரண்டு வகை. நான் சொல்வது நீளவால் இல்லாத, வெண்கல முதுகுக்காரரை. கழுத்து பளபளக்கும் கறுப்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை. பெண் உருவத்தில் பெரியவள். மிதக்கும் கூட்டில் நான்கு முட்டை இடுவாள். மெருகேறிய பழுப்பில் கறுப்பு மசியைக் கிறுக்கிவிட்டது மாதிரி இருக்கும். இட்டதும் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடுவாள். அடைகாப்பது முழுக்கத் தகப்பன் பாடு.

குஞ்சு பொரித்தபின்தான் கண்கொள்ளாக் காட்சி. ஆபத்து என்றால் தகப்பன் குந்தி, இறக்கைகளைச் சற்றே விரிப்பார். குஞ்சுகள் ஓடிவந்து அக்குளில் ஒண்டிக்கொள்ளும். இறக்கையை மூடி, எழுந்து நடப்பார். உடல்கள் மறைந்துவிட்டாலும் அந்த நீள விரல்களை எங்கே ஒளிப்பது? இரண்டு பக்கமும் கால்கள் தொங்கும். நான்கும் ஏறிக்கொண்டால், எண்ணிப் பாருங்கள், தகப்பனுக்குப் பத்துக் கால்! இறக்கைக்குள் இருக்கும் ஓர் எலும்பு கத்தி அலகு போலப் பட்டையாக அகன்றிருக்கிறது. முட்டையையும் குஞ்சையும் இடுக்கிக்கொள்ள வாகாக அமைந்தது என்கிறார்கள். எனக்கு வாலபியின் பையைவிட இந்த எலும்புதான் ஒரு படி மேல்.

வாலபியில் குட்டி வளர்ப்பு மொத்தமும் தாய் தலையில்தான். ஆணுக்கு அதில் பங்கே கிடையாது. இலைக்கோழித் தகப்பனும் ஊட்டிவிடுகிறவர் அல்ல. பயம் தெளிந்ததும் இறக்கையைத் தளர்த்துவார். குஞ்சுகள் இலையில் இறங்கித் தங்கள் பூச்சியைத் தாங்களே கொத்திக்கொள்ள வேண்டியதுதான்.