புடாபெஸ்ட் இரவு: தலையைத் தூக்கிப் பாருங்கள்

ஐரோப்பா போய் வந்தவர்களின் போட்டோக்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஈஃபில் கோபுரம், பைசா கோபுரத்துக்குக் கையால் முட்டுக்கொடுக்கும் மாமா, சுவிஸ் பனியில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிய மாமி. ஏழு நாடு, பத்து நாள், மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு, எட்டரை மணிக்கு ஓட்டல் அறைக் கதவு சாத்தியாகிவிடும். சரி, பெரியவர்கள் பாணி அது, விட்டுவிடலாம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புகிற பிள்ளைகளும் அல்லவா புடாபெஸ்ட் என்றதும் பின்வாங்குகிறார்கள்? "அது குடிகாரர்கள் போகிற ஊர்" என்கிறான் ஒருவன். "நான் குடிக்க மாட்டேன், ராத்திரி எனக்கு அங்கே என்ன வேலை?" என்கிறாள் இன்னொருத்தி. இந்த இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்காரவைத்தது. பகல் என்றால் சுற்றிப் பார்ப்பது, ராத்திரி என்றால் குடிப்பது என்று யார் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்? புடாபெஸ்ட்டில் பார்க்க வேண்டிய வீடுகளின் வாசல் கதவுகள் பெரும்பாலும் பகலில் பூட்டிக் கிடக்கும். நம்மைப் போன்ற வெளியாள் உள்ளே நுழைய முடிவதே பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான்.

அடிப்படைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டான்யூப் ஆற்றுக்கு மேற்கே மலைப்பாங்கான புடா, கிழக்கே சமதளமான பெஸ்ட். இரண்டும் ஓபுடாவும் சேர்ந்து ஒரே நகரமானது 1873இல். தங்குவதற்குப் பெஸ்ட் பக்கம் பாருங்கள், ஹாஸ்டல்கள் நிறைய. ஷெங்கன் விசா போதும். ஆனால் நாணயம் யூரோ இல்லை, ஃபோரின்ட். விமான நிலையத்திலிருந்து 100ஈ பஸ் நேராக ஊர் நடுவே தெயாக் சதுக்கத்தில் கொண்டுவந்து இறக்கும். 2ஆம் எண் டிராம் பெஸ்ட் பக்க ஆற்றங்கரையோடு போகிறது, பெரிய வட்டச்சாலையில் 6ஆம் எண் டிராம் விடிய விடிய ஓடுகிறது. 1896இல் திறந்த மஞ்சள் நிற முதல் மெட்ரோ, ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். சும்மாவாவது ஒரு தடவை ஏறிவிடுங்கள். சைவம் என்றால் லாங்கோஷ் இருக்கிறது: பொரித்த மாவு ரொட்டி, மேலே பூண்டு, புளித்த கிரீம், துருவிய சீஸ். பன்றிக் கொழுப்பில் பொரித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அடிப்படை. மிச்சமெல்லாம் போனால் தெரிந்துவிடும்.

விளக்கு வெளிச்சத்தையும் இதே வேகத்தில் பார்த்துவிடலாம். 1902இல் கட்டி முடித்த பாராளுமன்றத்தைப் பார்க்க அதன் காலடியில் போய் நிற்காதீர்கள். எதிர்க்கரையில், பாத்யானி சதுக்கத்துப் பக்கம் ஆற்றோரமாக நில்லுங்கள், மொத்தக் கட்டடமும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அதன் கோபுரம் 96 மீட்டர். புனித ஸ்டீஃபன் பேராலயமும் அதே 96. மாஜர்கள், அதாவது ஹங்கேரியர்கள், இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ளும் 896ஆம் ஆண்டின் கணக்கு அது. புடா மலைமேல் மீனவர் கொத்தளத்தைப் பார்த்துவிட்டு "என்ன ஒரு இடைக்காலக் கோட்டை!" என்று வாய் பிளக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அது 1895க்கும் 1902க்கும் நடுவில், வேடிக்கை பார்ப்பதற்கென்றே கட்டிய மேடை. பகலில் அதன் மேல்தளத்துக்கு டிக்கெட், ராத்திரியில் இலவசம். அலங்கார விளக்குகள் விடியும்வரை எரியாது, நள்ளிரவுக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். இதையே படகில் ஏறி, கையில் ஒரு கோப்பையோடு, காது கிழியும் பாட்டோடு பார்க்க ஆள் பிடிப்பார்கள். வேண்டாம். டிராம் டிக்கெட்டுக்கே இதெல்லாம் தெரியும்.

இனி நான் சொல்லவந்த விஷயம். ஏழாவது வட்டாரம், எர்ஷெபெத்வாரோஷ், பழைய யூதக் குடியிருப்பு. ரொம்கோச்மா என்று ஹங்கேரிக்காரர்கள் சொல்லும் இடிசல் மதுக்கூடங்கள் இங்கேதான் பிறந்தன. பயண வீடியோக்காரர்கள் எல்லாரும் காட்டுவது ஒன்றுதான்: ஓட்டை பாத்டப்பை அறுத்துச் செய்த சோஃபா, முற்றத்தில் நிற்கும் பழைய டிராபான்ட் கார், கலர் கலராகத் தொங்கும் பல்புகள். "செம வைப்" என்று முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறிவிடுவார்கள். பாத்டப்பைப் பார்த்தவன் வீட்டைப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தை நீங்கள் பிடித்துக்கொண்டே ஆக வேண்டும். நிஜ இடிசல் வேறு, செட் போட்ட இடிசல் வேறு. இதைத் தெரியாமல் அந்தத் தெருக்களில் சுற்றுவது வீண்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெஸ்ட் அசுர வேகத்தில் வளர்ந்தது. தெருவை அடைத்து நிற்கும் மூன்று நான்கு மாடி வாடகைக் குடியிருப்புகள் எழும்பின. தெருப்பக்கம் பெரிய ஜன்னல், சிற்ப வேலைப்பாடு, வசதியானவர்களின் வீடுகள். வாசல் கதவைத் தாண்டி உள்ளே போனால் நாலா பக்கமும் மாடிகள் சூழ்ந்த முற்றம். முற்றத்தைப் பார்த்த வீடுகள் ஏழைகளுக்கு: ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, கழிப்பறை கோடியில் பொதுவாக. இந்த வீடுகளுக்குப் போகிற வழி, மாடிக்கு மாடி சுவரிலிருந்து முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திறந்த நடை. அதை உள்ளூர்க்காரர்கள் "காங்" என்பார்கள். இரும்புத் தாங்கிகளின் மேல் கற்பலகை, ஓரத்தில் கம்பி அழி. சமையல்கட்டு ஜன்னல்கள் அந்த நடையைப் பார்த்தே திறக்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் எத்தனை மணிக்கு வந்தான் என்று மொத்தக் கட்டடத்துக்கும் தெரியும். அந்தக் காலத்தில் இரவு வாசலைப் பூட்டுவது கட்டடக் காவலரின் வேலையாக இருந்தது. நேரம் கழித்து வருகிறவன் அவரை எழுப்பி, கதவு திறந்ததற்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் படியேற வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1944ஆம் ஆண்டின் கடைசியில் இந்தத் தெருக்களைச் சுற்றி வேலி எழுப்பி, சுமார் 70,000 யூதர்களை உள்ளே அடைத்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை வந்துதான் அவர்களுக்கு விடுதலை. செத்துப்போனவர்களில் 2,000 பேருக்கு மேல், 1859இல் கட்டி முடித்த தொஹான்யி தெரு ஜெப ஆலயத்தின் தோட்டத்திலேயே புதைந்திருக்கிறார்கள். அதன் பிறகு இந்த வட்டாரத்துக்கு நல்ல காலம் என்று ஒன்று வரவேயில்லை. கம்யூனிச ஆட்சியில் பராமரிப்பு இல்லை. 1989க்குப் பிறகு பல வீடுகளைக் காலிசெய்து கட்டுமானக்காரர்களுக்கு விற்றார்கள். சிலவற்றை இடித்தார்கள், இடிக்கக் கூடாது என்று சிலர் போராடினார்கள், நடுவில் பல வீடுகள் ஆளில்லாமல் நின்றன. அந்த இடைவெளியில் சில இளைஞர்கள் முற்றத்தைக் குறைந்த வாடகைக்கு எடுத்து நாற்காலி போட்டார்கள். நாற்காலியும் வாங்கியது இல்லை. அந்த ஊரில் ஆண்டுக்கு ஒரு தடவை வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் கொண்டுவந்து குவிக்க நாள் குறிப்பார்கள். அதில் பொறுக்கியது. 2002இல் தொடங்கி, 2004இல் கஸின்ட்ஸி தெரு 14ஆம் எண்ணுக்கு, ஒரு பழைய அடுப்புத் தொழிற்சாலைக்கு இடம் மாறிய சிம்ப்லாதான் இதற்கெல்லாம் முன்னோடி.

ஆகவே நிஜ இடிசல் என்பது கட்டடத்தின் நிலைமை. செட் போட்ட இடிசல் என்பது இன்டீரியர் டெக்கரேட்டரின் சம்பளம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே நுழைந்ததும் பாரைப் பார்க்காதீர்கள், தலையைத் தூக்கிப் பாருங்கள். முற்றத்துக்கு மேல் வானம் தெரிகிறதா? குளிருக்குப் போட்ட தற்காலிகக் கூரையாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்கு மேலே மாடிகள் ஏறுகின்றனவா? ஏறினால் பாதி பாஸ். அடுத்து அந்தத் திறந்த நடையில் ஏறி நடந்து பாருங்கள். அது எங்கேயாவது போய்ச் சேர்கிறதா? நிஜ வீட்டில் அது சின்னச் சின்ன அறைகளில் கொண்டுபோய்விடும். ஒவ்வொன்றும் ஓர் அளவு, வாசற்படி தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும், ஒரு காலத்தில் சமையல்கட்டாக இருந்த இடத்தில் மட்டும் தரை ஓடு வேறாக இருக்கும். செட்டில் அது வெறும் பால்கனி. ஏறினால் கீழே இருக்கிற கூட்டத்தைப் போட்டோ எடுக்கலாம், வேறு உபயோகம் இல்லை.

பிறகு சுவர். இதற்கு மொபைல் டார்ச்சைத் தயங்காமல் போடுங்கள். காரை உதிர்ந்த ஓரத்தில் பெயின்ட் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே சாம்பல், அடியில் தோள் உயரம் வரைக்கும் பச்சை எண்ணெய்ப் பெயின்ட், அதற்கும் அடியில் உருளையால் ஓட்டிய பூ வேலைப்பாடு. அந்த உருளைப் பூவைப் பார்த்துவிட்டால் போதும், யாரோ ஒருத்தர் வீட்டுக் கூடத்தில் நிற்கிறீர்கள். செட் போடுகிறவர்கள் செங்கலை மட்டும் அழகாகச் சுரண்டிக் காட்டுவார்கள். நடுவில் அடுக்கே இருக்காது. முற்றத்து மூலையில் கம்பளம் போட்டுத் தூசி தட்டுகிற இரும்புச் சட்டம் ஒன்று இருந்தால் எனக்கு ஒரு சந்தேகமும் வராது, நேராக உட்கார்ந்துவிடுவேன். சட்டத்தில் பைக் பூட்டியிருந்தால் இன்னும் நல்லது.

இந்தக் கணக்கில் கோஜ்து முற்றம் எங்கே நிற்கிறது? ஏழு கட்டடங்களை ஊடுருவிப் போகிற அருமையான வழி அது. ஆனால் துடைத்துப் பளபளப்பாக்கி வரிசையாக உணவகம் வைத்துவிட்டார்கள். சாப்பிடப் போங்கள், பார்க்கப் போகாதீர்கள். ஆக்காட்ஸ்ஃபா தெருவில் கொடி படர்ந்து, வெள்ளை விளக்கு மினுக்கி, மேஜைக்கு முன்பதிவு கேட்கும் இடங்களும் உண்டு. சாப்பாடு பிரமாதம், இடிசல் என்று மட்டும் சொல்லாதீர்கள். சிம்ப்லா? "அது எப்பவோ செத்துப்போச்சு, இப்ப டூரிஸ்ட் கடை" என்று உதட்டைப் பிதுக்குவது பயண எழுத்தாளர்களிடையே இப்போது ஃபேஷன். கூட்டம் நிஜம்தான். சனிக்கிழமை இரவு அங்கே நிற்கவே இடம் கிடைக்காது. ஆனால் கூட்டம் வந்ததால் சுவர் பொய்யாகிவிடுமா? செவ்வாய், புதனில் இருட்டும் நேரத்துக்குப் போங்கள். ஞாயிறு காலையில் அதே முற்றத்தில் விவசாயிகள் காய்கறி, சீஸ், தேன் கொண்டுவந்து விற்கிறார்கள். உள்ளூர்க் கிழவிகள் பையோடு வந்து பேரம் பேசுவதை அப்போது பார்க்கலாம்.

குடிக்காதவர்கள் கவனிக்க: எலுமிச்சை ஜூஸைப் பெரிய ஜாடியில் பழத்துண்டுகளோடு கொடுப்பதை இந்த ஊர் ஒரு கலையாகவே வைத்திருக்கிறது. யாரும் உங்களை ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள். குடிப்பவர்களுக்கு நான் சொல்வது ஃப்ரொச், அதாவது ஒயினில் சோடா. கலக்கும் அளவுக்குத் தகுந்தபடி பெயர் மாறும். ஒரு டெசிலிட்டர் ஒயினுக்கு ஒரு டெசி சோடா என்றால் குட்டி ஃப்ரொச். மூன்றுக்கு இரண்டு என்றால் அதன் பெயர் ஹாஸ்மெஸ்தெர், அதே கதவு திறக்கிற காவலர்தான். கோடை மாலைக்கு இதைவிட நல்ல பானம் கிடையாது. இருந்தும் பப் கிரால் கும்பல்கள் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, வழிகாட்டி விசில் ஊத, மடக் மடக்கென்று எதையோ ஊற்றிக்கொண்டு நான்கு வீடுகளைத் தாண்டிவிடுகின்றன. மறுநாள் எந்தெந்த வீடு என்று கேட்டால் ஒருத்தனுக்கும் நினைவிருக்காது.

இன்னொன்று, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். இந்தத் தெருக்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பக்கத்து முற்றத்தில், அதே மாதிரித் திறந்த நடையில், ஒரு பாட்டி தூங்க முயன்றுகொண்டிருப்பார். நள்ளிரவோடு கடைகளை மூட வேண்டுமா என்று 2018இல் இந்த வட்டாரத்தில் வாக்கெடுப்பே நடந்தது. போதுமான பேர் ஓட்டுப் போட வராததால் செல்லாமல் போனது. எனக்கு ராத்திரி கஸின்ட்ஸி தெரு பிடிக்கும், ஆனாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள், தெருவுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்துங்கள். அதே தெருவில் 1913இல் கட்டி முடித்த ஆர்த்தடாக்ஸ் ஜெப ஆலயம் இருக்கிறது. அதன் சுவரில் சிறுநீர் கழிக்கிறவனை உலகின் எந்த வழிகாட்டிப் புத்தகமும் திருத்தாது. பாராளுமன்றத்துக்குப் பக்கத்து ஆற்றங்கரையில் 2005இல் வைத்த 60 ஜோடி இரும்புச் செருப்புகளுக்கும் இதே பேச்சுதான். அங்கே கரையில் நிற்கவைத்துச் சுட்டுத் தள்ளப்பட்டவர்களின் நினைவிடம் அது. அந்த ஷூவுக்குள் தன் காலை விட்டுப் போஸ் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், மேலே எழுதினால் பத்திரிகை அச்சிடாது.

கடைசியாக வெந்நீர்க் குளியல். செசென்யி குளத்தில் சனிக்கிழமை இரவு டிஜே வைத்து நடக்கிற பார்ட்டிக்கு நிறையக் காசு கேட்பார்கள். பாட்டுக்குக் காசு கொடுத்து நீரில் நின்றுவருவது அது, அந்தப் பக்கம் போகாதீர்கள். 1913இல் திறந்த அதன் அழகான மஞ்சள் கட்டடத்தைப் பகலிலேயே போய்ப் பார்க்கலாம். ராத்திரிக்கு ரூடாஸ் குளியலகம். துருக்கியர் ஆண்ட 16ஆம் நூற்றாண்டில் கட்டிய குவிமாடம், அதன் கீழே எண்கோணக் குளம், மேலே கலர்க் கண்ணாடித் துளைகள். மொட்டைமாடியில் இன்னொரு வெந்நீர்த் தொட்டி, கழுத்து வரைக்கும் மூழ்கி டான்யூபைப் பார்க்கலாம். வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், அப்போது ஆண், பெண் இருபாலருக்கும் அனுமதி. ஆண்களுக்கு மட்டுமான வார நாட்களில் முன்பக்கத்தை மாத்திரம் மறைக்கிற ஒரு துண்டுத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவது அங்கே பழைய வழக்கம். கோவணம் பார்த்திராத தலைமுறைக்கு அது சோதனைதான். இரவு நேரத்துக்கு நீச்சலுடை கட்டாயம். துண்டும் செருப்பும் ஹாஸ்டலிலிருந்தே எடுத்துப் போங்கள், லுங்கியோடு இறங்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.